தொடக்கூடாத மருந்து

வளந்திருக்கக் கூடாது. ஒத்த முடி கூட வளந்திருக்கக் கூடாது. மகளைக் கட்டுன மாப்ளைக்கு ஒரு மாமியாக்காரி இப்படி வேண்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறது எங்கயாச்சும் உண்டான்னு தெரியில, ஆனா நான் அப்படித்தான் ஒக்காந்திருக்கறேன், கோயமுத்தூர்ல இந்தத் தோல் ஆஸ்பத்திரி ரெண்டாம் மாடியில, நீலக் கலர் பிளாஸ்டிக் சேர்ல. மாப்ளையை உள்ள கூட்டிட்டுப் போயி இருவது நிமிசம் ஆச்சு. எண்ணி முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும்னு ஜெசிந்தா சிஸ்டர் சொல்லிட்டுப் போச்சு. முடியைத்தான் எண்ணறாங்க, நெசமாத்தான். உச்சந்தலையில பத்து பைசா அகலத்துக்கு முடியை ஒட்ட வெட்டி, நடுவுல ஊசியால பச்சைப் புள்ளி ஒண்ணு குத்தி வெச்சிருக்கறாங்க, எங்காலத்துல கையில பேரு குத்திக்குவோமே அந்த மாதிரி. அந்தப் புள்ளியை அடையாளமா வெச்சு போட்டா எடுத்து, கம்ப்யூட்டர்ல பெருசாக்கி, ஒண்ணொண்ணா எண்ணறது. மொதல்ல எண்ணுனப்ப நூத்தி முப்பத்தொண்ணு. இன்னிக்கு ஆறு மாசம். வருசத்துல பாதி. எத்தனைன்னு இன்னிக்குச் சொல்லுவாங்க. நூத்தி முப்பத்தொண்ணாவே இருக்கோணும். ரெண்டு கொறைஞ்சாலும் நல்லது. அய்யோ, என்ன நெனப்பு இது, அந்த மனுசன் காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு, பரிச்சை ரிசல்ட்டு பாக்கப் போறவன் மாதிரி கெளம்பி வந்தாரு, வண்டியில வாரப்ப பாட்டு கூட முணுமுணுத்தாரு, நான் பின்னால ஒக்காந்து கொறையட்டும் கொறையட்டும்னு வந்தேன்.

முடி வளந்திருந்தா அது நெச மருந்து. நெச மருந்தா இருந்தா அது என்ற கை வழியா என்ற மக தாரணி வயித்துக்குப் போயிருக்கும். அவ்வளவுதான் கணக்கு. ஏன்னா பாட்டில் ரெண்டு தினுசு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே கலக்காத வெறுந் திரவம், பாத்தா ஒண்ணாட்டந்தான் இருக்கும், மோந்தாலும் ஒண்ணாட்டந்தான், ஆருக்கு எதுன்னு குடுக்கற டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு கவரு ஒட்டி பீரோவுல பூட்டி வெச்சிருக்கறாங்க, வருசம் முடிஞ்சாத்தான் பிரிப்பாங்க. கடைசி வரைக்கும் இருந்தவங்களுக்கு, வெறும் பாட்டில் வாங்குனவங்களுக்குங்கூட, நெச மருந்து ஒரு வருசத்துக்குச் சும்மா உண்டு. அதுக்குத்தான் மாப்ளை இந்த மருந்து டெஸ்ட்ல சேந்ததே. பூபதி மாப்ளைக்கு முப்பத்தாறு வயசு, பாலிடெக்னிக்குல வாத்தியாரு. போர்டுப் பக்கம் திரும்பி எழுதுனா பின்னால பசங்க 'கிரவுண்டு சார்'ங்கறானுங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா இப்பெல்லாம் பசங்களுக்கு முதுகைக் காட்டாம பக்கவாட்டுல நின்னு எழுதறாராம், எழுத்து மேல மேல ஏறிப் போவுதுன்னு தாரணி சொன்னா. அதைக் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வருல. ஒரு மனுசன் நண்டு மாதிரி நின்னு பாடம் நடத்தறது சிரிப்பா என்ன.

எங்க ரங்கண்ணனும் இப்படித்தான், பெரியப்பா மகன், அவருக்கு இருவத்தாறு வயசுலயே முன்னந்தலை ஏறிப்போச்சு. ஆரோ சொன்னாங்கன்னு சின்ன வெங்காயச் சாறும் தேனும் கொழைச்சுத் தலையில அப்பிக்கிட்டு மத்தியானம் வேப்ப மரத்தடியில படுத்தாரு, எந்திரிக்கறப்ப தலை பூராவும் கட்டெறும்பு. ஓடுனாரு பாரு ஓட்டம், கெணத்துல குதிச்சிட்டாரு. அவரைப் பாக்க வந்த பொண்ணூட்டுக்காரங்க அன்னைக்குத்தான் வந்தாங்க, ஈரத்தோட நின்னாரு, தலையெல்லாம் தடிச்சுப்போயி. அந்தப் பொண்ணே கட்டுச்சு. இந்தத் தலையைக் கட்டிக்கலைன்னா வேற எவ கட்டுவான்னு பாவம் பாத்துக் கட்டுனேன்னு அந்தப் பொண்ணு, எங்க நங்கை, அண்ணன் சம்சாரம், இப்பவும் சொல்லும். நங்கை சொன்னா அப்படியே இருக்கும், பேச்சுல உப்பு மொளகா கொறையாது. அந்த நங்கைதான் எனக்கு ஊறுகாய்ச் சால், அதான் பெரிய ஊறுகாய்ப் பானை, அது விசயம் கத்துக் குடுத்துச்சு. எதுக்கு இப்ப ஊறுகாய்ச் சால்ல போயி நிக்கறேன். ஆமா, அதுலதான எல்லாம் ஆரம்பிச்சுது. தொடக்கூடாதுங்கற அந்த வார்த்தையில.

மாப்ளைக்கு உச்சந்தலை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி ரெண்டு வெச்சுப் பாத்தாரு, சொட்டு மருந்துக் குழாயைப் பிடிக்கறதா கண்ணாடியைப் பிடிக்கறதா. வீட்ல ஆராச்சும் தடவி உடோணும்னு சிஸ்டர் சொல்லுச்சு. தாரணி தடவறேன்னா. அப்பத்தான் சிஸ்டர் டெஸ்ட்ல சேரறப்ப குடுத்த தாளைப் பொரட்டிக் காட்டுச்சு, பதினோரு பக்கம், எல்லாம் பொஸ்தகத் தமிழு, மயிர்க்கால் மயிர்க்கால்னு போட்டு வாய்விட்டுப் படிக்கக் கூசுது, அதுல ஆறாவது பக்கத்துல, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் இம்மருந்தைத் தொடக்கூடாது. அப்ப தாரணி உண்டாயிருக்கல. கல்யாணமாயி எட்டு வருசம், ரெண்டு தடவை தங்கி ரெண்டு தடவையும் நிக்காமப் போச்சு. 'அம்மா இருக்காங்கல்லா, அவங்களுக்குத்தான் அந்தக் காலமெல்லாம் தாண்டியாச்சே'ன்னு சிஸ்டர் பட்டுனு சொல்லிருச்சு, அது நாகர்கோயில் பக்கத்துப் புள்ள, மனசுல பட்டதைச் சொல்லும். மாப்ளை தரையைப் பாத்தாரு, நான் செவுத்தைப் பாத்தேன். எட்டு வருசத்துல நான் அவரு எதுக்கால நேரா நின்னு பேசுனது கிடையாது, அவரு ஹாலுக்கு வந்தா நான் அடுப்படிக்குப் போயிருவேன், எங்கூட்டுக்காரர் தவறுனதுக்கு அப்பறம் இந்த ரெண்டு வருசமா ஒரே ஊட்டுல இருந்தும் அப்படித்தான். மாப்ளை தலையை மாமியா தொடறதா. மொத நாள் அவரு டைனிங் டேபிள் சேர்ல ஒக்காந்து கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு, ஊசி போடப் போற மாதிரி. நானும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் தடவுனேன். தாரணி அந்தப்பக்கம் நின்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. 'ரெண்டு பேரும் திருட்டுத்தனம் பண்ற மாதிரியே இருக்கறீங்க'ன்னா.

உறை குடுத்தாங்க. வெள்ளை ரப்பர் உறை, டப்பா டப்பாவா. தடவறப்ப போட்டுக்கோங்கன்னாங்க. நான் போடுல. ஒரு நாளும் போடுல. எங்கூட்டுக்காரர் கடைசியா பெரியாஸ்பத்திரியில கெடந்த பதினெட்டு நாளும் அவியளைத் தொட்ட கை எல்லாம் உறை போட்ட கை. பொரட்டிப் போட்டது, தொடைச்சது, கடைசியில கண்ணை மூடி உட்டது, எல்லாமே உறை. அப்பறம் என்னையும் போட்டுக்கச் சொன்னாங்க. நாப்பது வருசம் கூட இருந்த ஆளை ரப்பரை மாட்டிக்கிட்டுத் தொட்டேன், கை தெரியில எனக்கு, அவிய கை சூடா இருந்துச்சா ஆறிப் போச்சான்னு கூடத் தெரியில. அதை மறுபடி மாட்டிக்கிட்டு உசுரோட, நல்லா இருக்கற மனுசன் தலையை, அதுவும் மாப்ளை தலையைத் தொடறதா. அசிங்கத்தைத் தொடற மாதிரி இருக்காதா அவருக்கு. எங்கூட்டு மாப்ளை தலை என்ன சீக்காளி தலையா. அதனால போடுல. டப்பா சும்மா கெடந்துச்சு, சேனைக்கிழங்கு அரியறதுக்கு எடுத்துக்கிட்டேன், கை அரிப்பே இல்லை, நல்லா உதவுச்சு. அடுத்த ஊட்டு அம்மாவுக்குக் கூட ரெண்டு சோடி குடுத்தேன்.

'ஏனுங்கம்மா, உங்களுக்கும் டெஸ்ட்டுங்களா?' பக்கத்து சேர்ல தொப்பி போட்ட ஆளு கேக்கறாரு. அம்பது வயசு இருக்கும். மாப்ளை உள்ள இருக்காருங்கறேன். 'மாப்ளைக்கு மாமியா காவலுங்களா, நல்ல குடும்பமுங்க'ன்னு சிரிக்கறாரு. பொள்ளாச்சியாம். தேங்காய் வியாபாரமாம். 'மட்டை உரிச்ச தேங்காயைப் பாத்துப் பாத்து என்ற தலையும் அதே மாதிரி ஆயிப் போச்சுங்க'ங்கறாரு, தொப்பியைத் தூக்கிக் காட்டறாரு, குடுமி கூட இருக்குது தேங்காய்க்கு, இவருக்கு அதுவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'என்றது ஒரிஜினலுங்கம்மா. தடவுனா எரியுது. எரிஞ்சா ஒரிஜினலு, எரியாட்டி தண்ணி, இது இங்க வாரவங்க எல்லாத்துக்கும் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியாது.' எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. 'குளுகுளுன்னு இருந்தாங்க?' 'குளுகுளுவா?' ரோசனை பண்றாரு. 'அது ரெண்டுங்கெட்டானுங்க.' குளுகுளு. மொத நாள் மாப்ளை சொன்ன ஒரே வார்த்தை அதுதான், கண்ணை மூடிக்கிட்டே, குளுகுளுன்னு இருக்குதுங்கத்தை. எரியுதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. எரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாரு. ரசத்துல உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன் ஒருநாள், குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனாரே ஒழிய ஒரு வார்த்தை சொல்லுல, தாரணி வாயில வெச்சுத் துப்புனப்பறம்தான் எனக்கே தெரியும். அப்பேர்ப்பட்ட மனுசன். எரிஞ்சிருக்கும். எரிஞ்சிருக்குமோ. என்ற வெரல் எரிஞ்சுதா? எரியுல. என்ற வெரல்ல அடுப்புச் சூடே ஒறைக்கறது இல்லை, தோசைக்கல்லுல இருந்து வெறுங்கையில எடுக்கறவ, வெரலை நம்பி ஒண்ணுஞ் சொல்ல முடியாது.

ஊறுகாய்ச் சால். நங்கை ஊட்டுல மாங்காய் ஊறுகாய் போட்டு வெச்சிருந்துச்சு, நான் கட்டிக்கிட்டு வந்த புதுசு, பத்தொம்போது வயசு, போயி மூடியைத் தொறந்தேன். 'ஏய் மயிலாத்தா, தொடாத! இந்த மூணு நாளும் தொடக்கூடாது, சால் பூசணம் பூத்துரும்'னுச்சு. செரின்னு தள்ளி நின்னேன். அப்பளக் கூடையைத் தொடக்கூடாது, தொளசிச் செடியைத் தொடக்கூடாது, வெத நெல்லைத் தொடக்கூடாது, பிள்ளை பெத்த ஊட்டுல பாலைத் தொடக்கூடாது. பொம்பளைக்குச் சொல்ற தொடக்கூடாது எல்லாமே அப்படித்தான். நம்ம கை பட்டா அது கெட்டுப்போகும். அதுக்கு நம்மளால ஆகாது. அம்பது வருசமா காதுல ஏறுன வார்த்தைக்கு ஒரே அர்த்தந்தான் தெரியும் எனக்கு. அதனால ஆறாவது பக்கத்துல அதைப் படிச்சப்ப, தூரமாகற வயசுப் பொம்பளைக கை பட்டா மருந்துக்கு ஆகாதாட்டருக்குது, வீரியம் போயிரும் போலருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். கம்பெனி மருந்துக்கும் இதெல்லாம் பாக்கறாங்களேன்னு அதிசயமாக் கூட இருந்துச்சு. பாட்டிலைத் தாரணி கைக்கு எட்டாம மேல் செல்ஃபுல, பருப்பு டப்பாவுக்குப் பின்னால வெச்சேன். அவ எதுக்கோ அந்தப்பக்கம் கையை நீட்டுனா, 'கண்ணு, அதைத் தொட்டுறாத, மாப்ளைக்கு முடி வராது'ன்னேன். தொடுல அவ. மருந்துக்குக் காவல் இருந்தேன் நான். மகளுக்கு இல்லை. மருந்துக்கு.

அவளுக்கு நாள் தள்ளுனது போன மாசி கடைசியில. இந்தத் தடவை நிக்கோணும்னு ஆரும் வாயைத் தொறந்து பேசுல, ஊட்டுல எல்லாரும் பூனை மாதிரி நடந்தோம். வாந்தி. என்ன போட்டாலும் வாந்தி. என்ற கையால பெசைஞ்சு உருட்டிக் குடுத்தா மட்டும் நிக்குது. ரசஞ்சோறு, சித்தெ நெய், ஒரு உருண்டை, ரெண்டு உருண்டை, மூணாவது உருண்டைக்குத் தலையை ஆட்டுவா. காலையில ஆறு மணிக்கு மாப்ளைக்குத் தடவி உட்டுட்டு, கொழாயில கையைக் காட்டி, முந்தானையில தொடைச்சுக்கிட்டு, நேரா வந்து சோறு பெசையறது. அதுக்கப்பறம் அவளுக்குத் தலை வாரிப் பின்னி உடறது, பேங்க்குக்குப் போகோணுமே அவ. அதே வெரலு. அதே அஞ்சு வெரலு. சாயங்காலமும் அப்படித்தான். சோப்பு போட்டேனா? போட்டிருப்பேன். சில நாள் போட்டிருப்பேன். சோப்பு போட்டேன்னு இப்ப எவ்வளவு ரோசனை பண்ணுனாலும் கொழாய்த் தண்ணி உழுவறதுதான் ஞாபகத்துக்கு வருது, சோப்பு வர மாட்டேங்குது. மாப்ளை தலையில தடவுன கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுனா அவரு பாத்தா என்ன நெனைப்பாருன்னு கூடத் தோணியிருக்குது எனக்கு, அது நல்லா ஞாபகம் இருக்குது.

போன வியாழக்கிழமை ஸ்கேன் சீட்டைத் தேடறப்ப அந்தப் பதினோரு பக்கத் தாள் கையில வந்துச்சு. ஆறாவது பக்கம் திருப்புனேன், தொடக்கூடாதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சு, அன்னைக்கு அது வரைக்கும் படிக்கவே இல்லை நான். வயிற்றில் வளரும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். நாலு தடவை படிச்சேன். மருந்துக்கு ஆகாதுன்னு இல்லை. பிள்ளைக்கு ஆகாது. அவ தொட்டா மருந்து கெடாது, மருந்து தொட்டா அவ வயித்துல இருக்கறதுக்குக் கேடு. வார்த்தை அதேதான், அப்படியே திரும்பி நின்னுக்கிச்சு, ஆளு முகத்தைத் திருப்பற மாதிரி. குக்கரு நாலு விசில் அடிச்சுது, நான் எந்திரிக்கல. தாரணி உள்ள இருந்து, 'அம்மா, என்ன பண்றீங்க, பருப்பு கூழாயிரும்'னா. அன்னைக்குச் சாயங்காலம் மொதத் தடவையா உறையைப் போட்டுக்கிட்டுத் தடவுனேன். மாப்ளை தோள் லேசாத் தூக்கிப் போட்டுச்சு. சோத்தை ஸ்பூன்ல குடுத்தேன் அவளுக்கு, வாந்தி எடுத்துட்டா. 'கையில குடுங்கம்மா'ன்னா. கையில வெட்டுக்காயம்னு பொய் சொல்லி துணி சுத்திக்கிட்டேன். இன்னிக்கும் சுத்தியிருக்கறேன், இந்தா, ஆள்காட்டி வெரல்ல. எந்தக் காயமும் இல்லாத வெரலு.

பொட்டப் பிள்ளையா இருந்தா ஒண்ணுமில்லை. ஆண் சிசுன்னுதான போட்டிருக்குது. பொட்டப் பிள்ளையா இருக்கோணும். இல்லாட்டி வெறும் பாட்டிலா இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு கெடைக்காமயா போயிரும். ஆனா போன வாரம் தாரணியே சொன்னா, 'அவரு தலையில லேசாப் புசுபுசுன்னு இருக்குதும்மா, தடவிப் பாத்தேன்'னு. தடவிப் பாத்தாளா! உள்ளங்கை பூராவும் பட்டிருக்கும். அவகிட்ட எப்படிச் சொல்றது. பதினாலாவது வாரத்துல இருக்கறவகிட்ட, ரெண்டைப் பறிகுடுத்தவகிட்ட, கண்ணு, உன்ற அம்மா உனக்கு மருந்தைப் பெசைஞ்சு ஊட்டியிருக்கறேன்னு. மாப்ளைகிட்ட எப்படிச் சொல்றது. உங்க ஊட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு உங்க பிள்ளைக்கு இதைப் பண்ணியிருக்கறேனுங்கன்னு. டாக்டரம்மாகிட்ட சொன்னா அவரை டெஸ்ட்ல இருந்து வெளிய அனுப்பிருவாங்க. சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. பொறந்ததுக்கப்பறம் எதாச்சும் ஒண்ணு இருந்தாலும், ஆண்டவன் குடுத்ததுன்னு எல்லாரும் சொல்லிக்குவாங்க. நான் ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டேன். நான் சாகற வரைக்கும் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டறப்ப எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கோணும். தொப்பிக்காரரு எதோ கேக்கறாரு, தேங்காய் நாரு பத்தி, எனக்குக் காதுல ஏறுல, தலையை மட்டும் ஆட்டறேன், மேல ஃபேனுல ஒரு றெக்கை ஆடிக்கிட்டே சுத்துது, ஆரும் அதைப் பாக்கற மாதிரித் தெரியில.

'பூபதி கூட வந்தவங்க!' ஜெசிந்தா சிஸ்டர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்னை எதுக்குக் கூப்புடறாங்க, இதுக்கு முன்னால கூப்பிட்டதே இல்லையே. உள்ள போறேன். மாப்ளை சுத்தற சேர்ல ஒக்காந்திருக்காரு, என்னைப் பாத்ததும் எந்திரிக்கறதை மறந்துட்டாரு. 'அத்தைங்க! இருவத்திமூணு கூடியிருக்குதுங்க! நூத்தி அம்பத்திநாலு!' பல்லு எல்லாம் தெரியுது. அவருக்கு இத்தனை பல்லு இருக்கறதே எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல அவரு உச்சந்தலை பெருசாத் தெரியுது, மொத மழைக்கு அப்பறம் காட்டுல அங்கொண்ணு இங்கொண்ணு மொளைக்குமே அப்படி. 'சந்தோசமுங்க'ங்கறேன். வாய் சொல்லுது. இருவத்திமூணு. அப்ப நெச மருந்துதான். அப்ப முடிஞ்சுது.

'அம்மா, இதுல ஒரு டிக் அடிச்சுக் கையெழுத்துப் போடணும் கேட்டியளா. ஆறு மாசம் ஆனா தடவுறவங்களும் போடணும்' சிஸ்டர் ஒரு தாளையும் பேனாவையும் தள்ளி வைக்குது. மூணு கேள்வி. தினமும் இரண்டு வேளை தடவினேனா. தடவுனேன். ஆம். மருந்தை மற்றவர் தொடாதபடி வைத்திருந்தேனா. வெச்சிருந்தேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால வெச்சிருந்தேன். ஆம். தடவும்போது கையுறை அணிந்தேனா. ரெண்டு கட்டம். பேனா கட்டத்துக்கு மேல நிக்குது. ஆம்னு போட்டா இந்த இருவத்திமூணு முடியோட ரெண்டு பேரும் சந்தோசமா வண்டி ஏறிப் போயிரலாம். ரொம்பச் சின்னக் கட்டம் அது, அரிசி அகலந்தான் இருக்கும்.

'அம்மா, தப்பா அடிச்சிட்டியளே, அது இல்லைங்குற கட்டம்லா.' 'தெரியுமுங்க. இல்லைதானுங்க.' 'என்னைக்காவது ஒரு நாள் மறந்திட்டியளா?' 'ஒரு நாளும் போடுலைங்க. போன வியாழக்கிழமைல இருந்துதான் போடறேன்.' 'அப்ப இத்தனை டப்பா கிளவுஸ் வாங்கிட்டுப் போனியளே, அது எங்க போச்சு?' 'சேனைக்கிழங்கு அரிஞ்சேனுங்க.' சிஸ்டர் சிரிக்கலாமா வேண்டாமான்னு நிக்குது. நான் அப்படியே சொல்லிட்டேன். மகள் மாசமா இருக்கறது, கையால ஊட்டுனது, தலை வாரி உட்டது, சோப்பு ஞாபகத்துக்கு வராதது, எல்லாம். செவுத்தைப் பாத்துச் சொன்னேன். சொல்லி முடிக்கறப்ப டாக்டரம்மா வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு தெரியில.

மாப்ளை பேசுனாரு. மெதுவா. 'உங்க கை வெறுங்கைன்னு எனக்குத் தெரியுமுங்கத்தை. டெஸ்ட்டுக்குன்னு குடுத்த நோட்டுல தெனமும் நாந்தான் உறை போட்டாச்சுன்னு எழுதிக்கிட்டு வந்தேன்.' 'அப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்க.' 'உங்ககிட்ட எப்படிங்க சொல்றது. என்னைத் தொடறதுக்கு உறை போட்டுக்கோங்கன்னு.' அப்பறம், 'கழுவிருவீங்கன்னு நெனச்சுட்டேனுங்க'ன்னாரு. ரெண்டு பேரும் அதே அறையில, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம. மருவாதை பாத்துப் பாத்து ரெண்டு பேரும் சேந்து பண்ணியிருக்கறோம்.

டாக்டரம்மா சத்தம் போடுல. கையில ஒட்டறது அவ்வளவு தூரம் போறது ரொம்ப அபூர்வம்மா, பயந்துக்காதீங்கன்னுச்சு. 'மாசமா இருக்கறவங்க விஷயம்ங்கறதால கவரைப் பிரிச்சுப் பாக்க எனக்கு அனுமதி இருக்கு. ஆனா பூபதி, பிரிச்சா நீங்க இந்த டெஸ்ட்ல கிடையாது. வருஷக் கடைசில குடுக்கற மருந்தும் கிடையாது. பிரிக்காமயும் விடலாம், ஸ்கேன்ல பாத்துக்கலாம். நீங்கதான் சொல்லணும்.' மாப்ளை அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்தாரு. நூத்தி அம்பத்திநாலையும் பாத்தாரு. நான் அவரு மூஞ்சியைப் பாக்குல, கையைத்தான் பாத்தேன், தலைக்குப் போகப் போன கை பாதியில நின்னு சட்டைப் பாக்கெட்டுக்குத் திரும்பிருச்சு. 'பிரிங்க மேடம்.'

சாவியைத் தேடுனாங்க. பீரோவைத் தொறந்தாங்க. நம்பரை ரெண்டு தடவை சரி பாத்தாங்க. கவரு ஓரத்தை டாக்டரம்மா கத்தரியில வெட்டுச்சு, கிழிச்சிருக்கலாம், வெட்டுச்சு, நூல் புடிச்ச மாதிரி. படிச்சுது. சிஸ்டர்கிட்ட காட்டுச்சு. 'மருந்து கலக்காதது'ன்னுச்சு.

சிஸ்டர் சேரை இழுத்துப் போட்டுச்சு, ஒக்காந்தேன். தண்ணி. வெறுந் தண்ணி. பெசைஞ்சு ஊட்டுனது தண்ணி, பின்னி உட்டது தண்ணி. வெரல்ல சுத்துன துணியை அவுத்து இடுப்புல சொருவிக்கிட்டேன். அய்யோ, அவளுக்கு இன்னைக்கு மத்தியானம் கையால குடுக்கலாம். அப்படி ஒரு சந்தோசம், இப்பேர்ப்பட்ட சந்தோசம் கடைசியா எப்ப வந்துச்சுன்னு ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மாப்ளை பேசறது கேட்டுச்சு. 'அப்ப அந்த இருவத்திமூணு?' 'சில பேருக்கு அப்படி ஏறும் பூபதி. அப்பறம் இறங்கும். அதைப் பாக்கத்தான் இந்தப் பாட்டிலே குடுக்கறது.' அவரு தலையை ஆட்டுனாரு, நல்லாப் படிக்கற பையன் வாத்தியாருக்கு ஆட்டற மாதிரி. புரியுதுங்க மேடம்ன்னாரு. என்னால அவரு தலையைப் பாக்க முடியில. சந்தோசமா இருக்கறவ அதைப் பாக்கக் கூடாது.

படியில எறங்கறப்ப அவரு போன் அடிச்சுது. தாரணி. அவரு நின்னு எடுத்தாரு. 'ம். எண்ணிட்டாங்க... இருவத்திமூணு கூடியிருக்குதாம். நெசமாத்தான்ங்கறேன். கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க... உங்கம்மாவா? பக்கத்துலதான் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க... இல்ல, மருந்து இனிமேத் தேவையில்லையாம், இதுவே போதும்ங்கறாங்க. நீ சாப்டியா?' போனைப் பாக்கெட்டுல போட்டாரு. ரெண்டு படி எறங்குனாரு. எனக்கு முன்னால போறவரு, திரும்பாமயே சொன்னாரு.

'நாளைல இருந்து நீங்க ஆறு மணிக்கு எந்திரிக்க வேண்டாமுங்கத்தை.'

நான் எப்பவும் நாலரைக்கே எந்திரிக்கறவ.

'செரிங்க மாப்ளை'ன்னேன்.